களத்திற்கு வெளியே ஒருவர்

உரைநடை

நுழையும்முன்

விளையாட்டில் வென்றவரை ஊரே கொண்டாடுகிறது. அவருக்குக் கற்றுக்கொடுத்தவரோ களத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அவ்வெற்றியில் அவருக்கும் பங்கு உண்டா? அவர் வேற்று நாட்டவர் என்றால் அந்தப் பங்கு கூடுமா, குறையுமா? பெங்களூருவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் எழுந்த விவாதத்தைப் படித்து, நீங்களும் ஒரு முடிவுக்கு வாருங்கள்.

1

பெங்களூரு மல்லேசுவரத்தை அடுத்த ஒரு குடியிருப்பில் அக்காவும் தம்பியும் பெற்றோருடனும் தாத்தாவுடனும் வாழ்கின்றனர். தாத்தா வேலூரிலிருந்து வேலை தேடி இந்நகருக்கு வந்து ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர்களுடைய மாமாவும் அதே குடியிருப்பில் வசிக்கிறார். அவர் குடியிருப்பின் விளையாட்டுக் குழுவில் ஓர் உறுப்பினர்.

2025 ஆகஸ்டு 31, ஞாயிற்றுக்கிழமை. மாமா காலையிலேயே வந்திருந்தார். முற்றத்தில் விரிந்துகிடந்த செய்தித்தாளில் பாரிசில் நடைபெறும் உலக இறகுப்பந்துச் சாம்பியன் போட்டியின் செய்தி இடம்பெற்றிருந்தது. சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியும் சிராக் ஷெட்டியும் அரையிறுதியில் சீன இணையிடம் தோற்று, வெண்கலப் பதக்கத்துடன் நாடு திரும்புகின்றனர்.

“மத்தியாஸ் போ பயிற்சியாளராக இருந்திருந்தால் தங்கமே கிடைத்திருக்கும், மாமா!” என்று தம்பி வருத்தத்துடன் கூறினான்.

மாமா செய்தித்தாளை மடித்து வைத்தார். “எல்லாவற்றிற்கும் வெளிநாட்டவரையே காரணம் காட்டுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. ஆந்திர மாநிலம் அமலாபுரத்தில் சாத்விக்கை இந்த விளையாட்டிற்குள் அழைத்து வந்தவர் யார்? உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றிய அவருடைய தந்தை. மும்பையில் சிராக்கைப் பயிற்றுவித்தவர் யார்? இந்தியாவிற்காக ஆடிய உதய் பவார். பிறகு ஐதராபாத்தில் இருவரையும் வளர்த்தது கோபிசந்தின் பயிற்சிக்கூடம். இத்தனை பேர் உழுது நீர் பாய்ச்சிய வயலில், அறுவடை நேரத்தில் வந்து நின்றவருக்கா மாலை?” என்று கேட்டார்.

அவர் குரலில் இருந்த சூட்டிற்கு வேறொரு காரணமும் உண்டு. குடியிருப்பின் உள்விளையாட்டுக் கூடத்தில் சிறுவர்களுக்குப் பயிற்சி அளிப்பவர் அசாம் மாநிலத்தைச் சேர்ந்த இளைஞர். கன்னடம் அவருக்குச் சில சொற்களே தெரியும். தமிழ் அறவே தெரியாது. இரு வாரங்களுக்கு முன்னர் நடந்த போட்டியில் இக்குடியிருப்பின் சிறுவர்கள் முதற்சுற்றிலேயே தோற்றனர். அக்காவும் தம்பியும் இணைந்து ஆடிய இரட்டையர் ஆட்டமும் அவற்றுள் ஒன்று. “மொழி தெரியாதவர் பிள்ளைகளுக்கு என்ன கற்றுக்கொடுப்பார்? உள்ளூர்க்காரர் ஒருவரை அமர்த்துவோம்” என்று பெற்றோர் சிலர் கேட்கத் தொடங்கினர். அன்று மாலை ஆறு மணிக்குக் குழு கூடி அதை முடிவு செய்யவிருந்தது.

2

“இருவரும் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்க்கவில்லை” என்று சொல்லி, அக்கா தன் குறிப்பேட்டைத் திறந்தாள்.

“மலேசியாவைச் சேர்ந்த டான் கிம் ஹெர் இந்திய அணியின் இரட்டையர் பயிற்சியாளராக வந்தது 2015-ஆம் ஆண்டில். சாத்விக்கையும் சிராக்கையும் இணைத்தவர் அவரே. அப்போது சாத்விக்கிற்குப் பதினாறு வயதுகூட நிறைந்திருக்கவில்லை. சிராக் அவரைவிட மூன்று வயது மூத்தவர். இருவருமே களத்தின் பின்பகுதியில் நின்று ஓங்கி அடிப்பவர்கள். இரட்டையர் ஆட்டத்தில் ஒருவர் பின்னே நின்று அடித்தால், மற்றவர் வலையருகே நின்று திரும்பிவரும் பந்தை முடிக்க வேண்டும். பின்னால் நிற்பவர் இருவரை எப்படி இணைப்பது என்று அவர்களே ஐயப்பட்டனர். ஒருவருக்குத் தாய்மொழி தெலுங்கு. மற்றவர் மும்பையில் வளர்ந்தவர். பயிற்சியாளரோ இருவர் மொழியையும் அறியாதவர்.”

“அப்படியானால் எப்படிப் பேசிக்கொண்டார்கள்?” என்று தம்பி வியப்புடன் கேட்டான்.

“மட்டையால் பேசிக்கொண்டார்கள் போலும்!” என்று தாத்தா நகைத்தார்.

அக்கா தொடர்ந்தாள். “2018-இல் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்டில் நடந்த காமன்வெல்த் போட்டியில் அவ்விணை வெள்ளி வென்றது. 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒப்பந்தக் காலம் முடியும் முன்னரே டான் விடைபெற்றுச் சென்றார். அவருக்குப் பின் இந்தோனேசியாவின் பிளாண்டி லிம்பேலே வந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அவ்விணை தாய்லாந்து ஓப்பன் பட்டத்தை வென்றது. மாமா, தம்பி, இருவரையும் கேட்கிறேன். அந்த வெற்றியை யாருடைய கணக்கில் எழுதுவது? இணைத்துவிட்டுப் போனவர் கணக்கிலா, வந்து சில மாதங்களே ஆனவர் கணக்கிலா?”

தம்பி சற்று நேரம் சிந்தித்தான். “ஆனால் பெரிய வெற்றிகள் எல்லாம் மத்தியாஸ் வந்த பிறகுதானே கிடைத்தன?” என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினான்.

மத்தியாஸ் போ டென்மார்க் நாட்டவர். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் இரட்டையர் பிரிவில் வெள்ளிப் பதக்கம் வென்றவர். 2021-இல் இந்த இணைக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கினார். அவ்வாண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் சாத்விக்கும் சிராக்கும் தம் பிரிவின் மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றனர். அந்த இரண்டில் ஒன்று, பின்னர்த் தங்கம் வென்ற சீன தைபே இணைக்கு எதிரானது. ஆயினும் காலிறுதி வாய்ப்புக் கிட்டவில்லை.

2022 மே 15 அன்று பாங்காக்கில் தாமஸ் கோப்பை இறுதிப்போட்டி நடந்தது. பதினான்கு முறை அக்கோப்பையை வென்ற இந்தோனேசியாவை இந்தியா எதிர்கொண்டது. முதல் ஒற்றையர் ஆட்டத்தில் லக்சயா சென் வென்றார். அடுத்த இரட்டையர் ஆட்டத்தில் சாத்விக் – சிராக் இணை முதற்பகுதியை இழந்தது. இரண்டாம் பகுதியில், இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் எதிரணி வென்றுவிடும் என்னும் நிலை நான்கு முறை வந்தது. நான்கு முறையும் அவர்கள் தப்பினர். 18-21, 23-21, 21-19 எனத் திருப்பி வென்றனர். அடுத்து ஸ்ரீகாந்தும் வெல்ல, கோப்பை முதன்முறையாக இந்தியாவிற்கு வந்தது.

2023-ஆம் ஆண்டு இன்னும் சிறந்தது. ஏப்ரலில் துபாயில் ஆசியச் சாம்பியன் பட்டம். 1965-இல் தினேஷ் கன்னா ஒற்றையர் பிரிவில் வென்ற பிறகு இந்தியாவிற்குக் கிடைத்த முதல் தங்கம் அது. ஜூனில் இந்தோனேசிய ஓப்பன். அக்டோபர் 7 அன்று காங்சௌ ஆசிய விளையாட்டில் தங்கம்; இறகுப்பந்தில் இந்தியா ஆசிய விளையாட்டில் பெற்ற முதல் தங்கம் அதுவே. அடுத்த சில நாள்களில் உலகத் தரவரிசையில் முதலிடம்.

“எல்லாவற்றின்போதும் இணையின் பயிற்சியாளர் மத்தியாஸ்தான்” என்று தம்பி வெற்றிக்களிப்புடன் முடித்தான்.

“அப்படியா?” என்றார் மாமா. “2024 ஆகஸ்டு 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதி நடந்தது. மலேசியாவின் ஆரோன் சியா – சோ வூயி இக் இணையிடம் 21-13, 14-21, 16-21 எனத் தோற்றார்களே, அப்போதும் பயிற்சியாளர் அவர்தாமே? வெற்றி அவருடையது என்றால் தோல்வியும் அவருடையதுதானே?”

தம்பியிடம் விடை இல்லை. அந்தத் தோல்விக்குப் பிறகு மத்தியாஸ் பயிற்சிப் பணியிலிருந்து விலகினார். 2025-இல் டான் கிம் ஹெர் மீண்டும் வந்தார். ஒலிம்பிக் நடந்த அதே பாரிஸ் அரங்கில், அதே மலேசிய இணையை, உலகச் சாம்பியன் போட்டியின் காலிறுதியில் சாத்விக்கும் சிராக்கும் 21-12, 21-19 என நேர் பகுதிகளில் வென்றனர். ஓராண்டிற்கு முன் கண்ணீருடன் வெளியேறிய களத்தில் அவர்கள் நிமிர்ந்து நின்றனர்.

“பார்த்தீர்களா? யார் வந்தாலும் யார் போனாலும் ஆடுபவர்கள் அந்த இருவர்தாம்” என்றார் மாமா.

3

அதுவரை அமைதியாக இருந்த தாத்தா, “வாருங்கள், சற்று நடந்து வருவோம்” என்று எழுந்தார்.

மல்லேசுவரத்துத் தெருக்களின் வழியே நடந்து, கனரா யூனியன் கட்டடத்தின் எதிரே அவர் நின்றார். “திருமணங்கள் நடக்கும் மண்டபம் இது. பிரகாஷ் படுகோன் சிறுவனாக ஆடிப் பழகியது இங்கேதான். அவருடைய தந்தை ரமேஷ் படுகோன் மைசூர் இறகுப்பந்துச் சங்கத்தின் செயலாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர்; மகனுக்கு முதல் ஆசிரியரும் அவரே. திருமண நாள்களில் ஆட்டம் இல்லை. பந்தல் பிரித்த பிறகே மட்டை எடுக்கலாம். அந்தப் பிள்ளை 1980-இல் ஆல் இங்கிலாந்து இறுதிப்போட்டியில் இந்தோனேசியாவின் லியம் சுவீ கிங்கை வென்றார். அச்செய்தியை நான் இந்நகரில் செய்தித்தாளில் படித்தேன்.”

“அப்படியென்றால் வெளிநாட்டுப் பயிற்சியாளர் தேவையில்லை என்றுதானே பொருள்?” என்று மாமா கேட்டார்.

“பொறு, இன்னும் முடிக்கவில்லை. உலகப் புகழ் பெற்ற பிறகு பிரகாஷ் என்ன செய்தார் தெரியுமா? டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்குச் சென்று அங்குள்ள சிறந்த ஆட்டக்காரர்களுடன் பயிற்சி செய்தார். இந்நகரில் கற்றது அவரை உயர்த்தியது. ஆனாலும் நாள்தோறும் மோதுவதற்குத் தம்மை ஒத்த வலிமையுடையவர்கள் அப்போது இங்கே போதுமான அளவில் இல்லை. அதை அவர் மறைக்கவில்லை. இருக்கும் இடத்தைத் தேடிப் போனார். திரும்பி வந்து 1994-இல் இதே பெங்களூருவில் பயிற்சிக்கூடம் தொடங்கினார். அங்கே பயின்ற கோபிசந்த் 2001-இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றார். பிறகு ஐதராபாத்தில் தாமும் ஒரு கூடம் தொடங்கினார். அந்தக் கூடத்தில்தான் சாத்விக்கும் சிராக்கும் பயின்றனர். அன்று ஓர் இந்தியர் டென்மார்க் சென்றார். பின்னர் ஒரு டென்மார்க்கர் இந்தியா வந்தார். இதில் எது ‘நம்முடையது’, எது ‘அவர்களுடையது’ என்று கோடு கிழிப்பாய்?”

மாமா மறுமொழி கூறவில்லை.

“ஒற்றையர் ஆட்டத்திற்கு நம்மிடம் ஆசிரியர் மரபு உருவானது” என்று தாத்தா தொடர்ந்தார். “இரட்டையர் ஆட்டம் நெடுநாள் இரண்டாம் பந்தி போலவே இருந்தது. திறமை இல்லாமல் இல்லை. இதே ஊரில் பிறந்த அசுவினி பொன்னப்பாவும் ஐதராபாத்தின் ஜுவாலா கட்டாவும் 2010 காமன்வெல்த்தில் தங்கமும் 2011 உலகப் போட்டியில் வெண்கலமும் வென்றார்கள். ஆனால் மலேசியா, இந்தோனேசியா, சீனா, கொரியா, டென்மார்க் போன்ற நாடுகளில் இரட்டையர் கலை தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது. சர்வீசைத் தொடர்ந்து வரும் முதல் இரண்டு மூன்று அடிகளில் யார் எங்கே நிற்பது, அடித்தவர் எப்போது முன்னேறுவது, தற்காப்பில் இருவரும் எப்படிப் பக்கவாட்டில் பிரிவது என்பவற்றையெல்லாம் நூலில் படித்துவிட முடியாது. செய்து வாழ்ந்தவர் அருகிருந்து காட்ட வேண்டும். அதற்காகவே டான் போன்றோர் அழைக்கப்பட்டனர்.”

“அப்படியானால் பயிற்சியாளரின் பங்கை எப்படி அளப்பது, தாத்தா? பதக்கங்களை எண்ணினால் கணக்கு உதைக்கிறதே” என்றாள் அக்கா.

“பதக்கத்தை எண்ணாதே, அம்மா. அவர் வருவதற்கு முன் அந்த ஆட்டக்காரர் எங்கே நின்றார், வந்த பின் எங்கே நிற்கிறார் என்று களத்தைப் பார். பின்னால் மட்டுமே நின்ற இருவர் முன்னும் பின்னும் மாறி மாறி ஆடக் கற்றார்கள் அல்லவா? கற்றுக்கொடுத்தவர் நாடு திரும்பிய பிறகும் அந்த மாற்றம் அவர்களுடனேயே இருந்தது. அதுதான் அவருடைய பங்கு. அதைக் கேட்டு, தயக்கத்தை விட்டு, மாறியது அவர்களுடைய பங்கு. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றொன்று நிற்காது.”

4

வீடு திரும்பும் வழியில் மாமா திடீரென்று கேட்டார்: “தம்பி, உண்மையைச் சொல். நம் பயிற்சியாளர் உங்களுக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லையா?”

தம்பி தலை கவிழ்ந்தான். அக்கா அவனைப் பார்த்தாள். ஆனால் அவனுக்காக அவள் விடை கூறவில்லை.

“அவர் எனக்கு ஒரே ஒரு சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், மாமா. மூன்று மாதங்களாக ஒவ்வொரு நாளும் ‘முந்தெ, முந்தெ’ என்றார். நான் பின்னால் நின்றே ஓங்கி அடித்துக்கொண்டிருந்தேன். அக்காவும் பின்னால்தான் நின்றாள். எதிரில் இருந்தவர்கள் வலையருகே மெல்லத் தட்டித் தட்டியே எங்களைத் தோற்கடித்தார்கள்.”

கன்னடத்தில் ‘முந்தெ’ என்றால் தமிழில் ‘முன்னே’ என்று பொருள்.

“அந்தச் சொல் உனக்குப் புரியவில்லையா?” என்று தாத்தா மெதுவாகக் கேட்டார்.

“புரிந்தது. ஆனால் முன்னே நின்றால் ஓங்கி அடிக்க முடியாதே என்று கேட்கவில்லை. தோற்ற அன்று எல்லாரும் ‘அவருக்கு மொழி தெரியாது’ என்றார்கள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.”

நால்வரும் சிறிது தொலைவு அமைதியாக நடந்தனர்.

“நான் இந்நகருக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த கன்னடம் அவருக்குத் தெரிந்ததைவிடக் குறைவு” என்றார் தாத்தா. “தொழிற்சாலையில் என் மேற்பார்வையாளர் என் பேச்சைப் பார்க்கவில்லை, என் கைவேலையைப் பார்த்தார். இல்லையென்றால் அடுத்த இரயிலில் வேலூருக்குத் திரும்பியிருப்பேன்.”

மாலை ஆறு மணிக்குக் குழு கூடியது. மாமா அங்கே நீண்ட உரை எதுவும் ஆற்றவில்லை. “தோல்விக்கு அவர் கற்றுக்கொடுக்காதது காரணம் அன்று, நம் பிள்ளைகள் கேட்காததும் ஒரு காரணம். என் மருமகனே அதை ஒப்புக்கொண்டான்” என்று மட்டும் கூறினார். சிலர் ஏற்றனர், சிலர் முகம் சுளித்தனர். அடுத்த போட்டி முடியும்வரை அவரே பயிற்சியளிக்கட்டும் என்று இறுதியில் முடிவாயிற்று.

மறுநாள் மாலை கூடத்தில் ஆட்டம் தொடங்கியது. பயிற்சியாளர் வழக்கம்போல் களத்திற்கு வெளியே நின்றார். அக்கா பின்னால் சென்று மட்டையை ஓங்கினாள். அவர் வாய் திறக்கும் முன்பே தம்பி வலையை நோக்கி இரண்டு எட்டு எடுத்து வைத்தான்.

தெரிந்துகொள்வோம்

• இறகுப்பந்துக் களத்தின் நீளம் 13.4 மீட்டர். ஒற்றையர் ஆட்டத்திற்கு 5.18 மீட்டர் அகலமும் இரட்டையர் ஆட்டத்திற்கு 6.1 மீட்டர் அகலமும் பயன்படுத்தப்படுகின்றன.

• ஒரு பகுதியில் யாரேனும் 11 புள்ளிகளை எட்டியதும் 60 நொடி இடைவேளை உண்டு. இரு பகுதிகளுக்கு இடையே 120 நொடி. பயிற்சியாளர் தம் கருத்தைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டிய நேரம் அது.

• 2023-இல் ஜப்பானில் நடந்த சோதனையில் சாத்விக் அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கி.மீ. வேகத்தில் சென்று கின்னஸ் சாதனை ஆயிற்று.

சொல்லும் பொருளும்

இணை – இருவர் கொண்ட அணி
ஐயம் – சந்தேகம்
அறவே – முற்றிலும்
மரபு – தொன்றுதொட்டு வரும் வழக்கம்
கணக்கு உதைத்தல் – கணக்கு ஒத்துவராமை
முகம் சுளித்தல் – வெறுப்பைக் காட்டுதல்
எட்டு – நடக்கும்போது எடுத்துவைக்கும் அடி

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. சாத்விக்கையும் சிராக்கையும் இணைத்த பயிற்சியாளர் ______.
(மத்தியாஸ் போ / டான் கிம் ஹெர் / பிளாண்டி லிம்பேலே)

2. இந்தியா தாமஸ் கோப்பையை முதன்முறையாக வென்ற ஆண்டு ______.
(2019 / 2022 / 2024)

3. ‘அவ்வெற்றி’ என்பதைப் பிரித்து எழுதக் கிடைப்பது ______.
(அவ் + வெற்றி / அ + வெற்றி / அந்த + வெற்றி)

ஆ. குறுவினாக்கள்

1. சாத்விக்கும் சிராக்கும் தம்மை இணைத்தபோது ஐயப்பட்டது ஏன்?
2. பிரகாஷ் படுகோன் டென்மார்க் சென்றதன் காரணம் என்ன?
3. “வெற்றி அவருடையது என்றால் தோல்வியும் அவருடையதுதானே?” யார், யாரிடம், எப்போது கூறியது?

இ. சிறுவினாக்கள்

1. பயிற்சியாளரின் பங்கை அளக்கத் தாத்தா கூறும் வழியை விளக்குக.
2. தம்பி தன் தவற்றை ஒப்புக்கொள்ளாமல் இருந்திருந்தால் குழுவின் முடிவு எவ்வாறு அமைந்திருக்கும்? உம் கருத்தை எழுதுக.

ஈ. மொழிப்பயிற்சி

நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றுக.
(எ.கா.) “நான் முன்னே நிற்பேன்” என்று தம்பி கூறினான். – தான் முன்னே நிற்பதாகத் தம்பி கூறினான்.

1. “நான் செய்தித்தாளில் படித்தேன்” என்று தாத்தா கூறினார்.
2. “நான் பேசாமல் இருந்துவிட்டேன்” என்று தம்பி கூறினான்.

கற்பவை கற்றபின்

1. ‘அணியின் வெற்றிக்குப் பெரிதும் காரணம் ஆட்டக்காரரே / பயிற்சியாளரே’ என்னும் தலைப்பில் வகுப்பில் பட்டிமன்றம் நடத்துக. நடுவர் இரு பக்கத்தின் வலிமையான கருத்து ஒவ்வொன்றை எடுத்துக் கூறிய பின்னரே தீர்ப்பு வழங்க வேண்டும்.

2. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்நகருக்கு வந்த புதிதில், மொழி தெரியாத நிலையில் அவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் யார் எனக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.

3. தமிழிலும் கன்னடத்திலும் ஒலியாலும் பொருளாலும் நெருங்கியுள்ள சொற்கள் ஐந்தைத் தொகுத்து வருக. (எ.கா.) முன்னே – முந்தெ